வெறுங்காலின் விலை

விடியற்காலையில் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய் வருகிற வழக்கம் எனக்கு உண்டு. இதைக் கேட்டு நான் பெரிய ஓட்டக்காரன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். எழுதுகிறவனுக்கு உட்கார்ந்திருப்பதே தொழில். உட்கார்ந்து உட்கார்ந்து, எனக்கு முன்னே என் வயிறு வாசற்படி தாண்டத் தொடங்கிய பிறகு, வைத்தியர் பேச்சைக் கேட்டு நடக்க ஆரம்பித்தேன். நடை கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டமாயிற்று. அவ்வளவுதான் விஷயம்.

அங்கே எனக்கு ஒரு நண்பர் வாய்த்தார். மயிலாப்பூர்க்காரர்; என்னைவிடப் பத்து வயது மூத்தவர்; என்னைவிட வேகமாக ஓடுகிறவர். ஒரு நாள் அவர் காலைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். கைக்குக் கையுறை மாட்டுவதுபோல, ஐந்து விரலுக்கும் தனித்தனியே ஓர் உறை மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன ஸார் இது?" என்றேன்.

"வெறுங்கால் ஷூ" என்றார்.

"வெறுங்கால் என்றால் ஷூ எதற்கு? ஷூ இருந்தால் அது எப்படி வெறுங்கால்?"

அவர் சிரித்துவிட்டு விளக்கினார். அடிப்பாகம் அட்டைபோல மெல்லியதாம். குதிகாலுக்கென்று தனியாக மேடு கிடையாதாம். விரல்கள் விரிந்து நிற்க இடம் உண்டாம். ஆண்டவன் படைத்தபடியே ஓடலாமாம். பிறகு விலையைச் சொன்னார். அந்தப் பணத்தைக் கொடுத்திருந்தால், என் தகப்பனார் காலத்தில் குடும்பம் முழுவதற்கும் பத்து வருஷத்துக்குச் செருப்பு வாங்கிப் போட்டிருக்கலாம்.

ஆனாலும் ஆசை யாரை விட்டது? அந்த ஞாயிற்றுக்கிழமையே தியாகராய நகரில் ஒரு கடைக்குப் போனேன். விரல் விரலாகப் பிரிந்ததை வாங்கத் தைரியம் வரவில்லை. பார்வைக்குச் சாதாரணமாகவும் அடியில் மெல்லியதாகவும் இருந்த ஒரு ஜோடியை வாங்கினேன். மறுநாளே வழக்கமான தூரத்தை அதே வேகத்தில் ஓடினேன். என்ன சுகம்! தரையில் கிடக்கிற ஒவ்வொரு சரளைக் கல்லும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தது. பத்தாம் நாள் விரல்களுக்குப் பின்னால் புறங்கால் வீங்கியது. பன்னிரண்டாம் நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை.

வைத்தியர் அழுத்திப் பார்த்தார். படம் எடுத்தும் பார்த்தார். எலும்பு விரிசல் விடுவதற்கு முந்திய கட்டத்தில் இருக்கிறதென்று சொல்லி, ஆறு வாரம் ஓடக்கூடாது என்று உத்தரவு போட்டார். "ஷூவின்மேல் குற்றமில்லை. நாற்பது வருஷம் திண்ணையில் தூங்கிக்கொண்டிருந்தவனை உலுக்கி எழுப்பி, இந்த நெல் மூட்டையைத் தூக்கு என்றால் அவன் என்ன செய்வான்? உங்கள் பாதத்துக்கு நீங்கள் செய்தது அதுதான்" என்றார்.

காலுக்கு ஓய்வு கிடைத்ததும் கண்ணுக்கு வேலை வந்தது. காலைப் பற்றியும் காலணியைப் பற்றியும் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவாயிற்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிற சங்கடம் எனக்கு மட்டும் வந்ததல்ல. நம் தேசத்துக்கே ஒரு முறை அது வந்திருக்கிறது. நான் ஷூவிலிருந்து வெறுங்காலுக்குப் போகப் பார்த்தேன். தேசம் வெறுங்காலிலிருந்து பூட்ஸுக்குப் போயிற்று.

1911-ஆம் வருஷம் ஜூலை 29-ஆம் தேதி கல்கத்தாவில் நடந்த கால்பந்துப் பந்தயத்திலிருந்து அந்தக் கதையைத் தொடங்கலாம். ஒரு பக்கம் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவைச் சேர்ந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள். எல்லோர் காலிலும் பூட்ஸ். மறுபக்கம் மோகன் பகான் கோஷ்டி. பதினோரு பேரில் ஒருவர்தான் பூட்ஸ் அணிந்திருந்தார்; மற்றப் பத்துப் பேரும் வெறுங்கால். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வெறுங்கால் கட்சி ஜயித்துக் கேடயத்தைக் கொண்டுபோயிற்று. பூட்ஸ் காலால் மிதிபட்ட ஒரு நாட்டில், அந்தப் பூட்ஸை வெறுங்கால் தோற்கடித்தது என்றால் ஜனங்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அன்றிலிருந்து வெறுங்கால் என்பது ஏழ்மையின் அடையாளமாக மட்டும் இருக்கவில்லை, கௌரவமாகவும் ஆகிவிட்டது.

அந்தக் கௌரவத்தோடுதான் 1948-இல் சுதந்திர இந்தியாவின் கோஷ்டி லண்டன் ஒலிம்பிக்குக்குப் போயிற்று. ஜூலை 31 அன்று பிரான்ஸோடு ஆட்டம். நம்மவர்களில் பெரும்பாலோர் கணுக்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு இறங்கினார்கள். பிரான்ஸ் முதலில் ஒரு கோல் போட்டது. எழுபதாவது நிமிஷத்தில் பெங்களூர்க்காரரான சாரங்கபாணி ராமன் பதில் கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அது. கிடைத்த இரண்டு பெனால்டிகளையும் கோட்டை விட்டதால் கடைசியில் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். தோற்றாலும் பத்திரிகைகள் புகழ்ந்தன. வெள்ளைக்காரர்கள் அந்தக் கால்களைக் கண்காட்சிப் பொருளைப்போல வந்து வந்து பார்த்தார்களாம்.

1950-இல் பிரேஸில் நாட்டில் நடந்த உலகக் கோப்பைக்கு நம் கோஷ்டி போகவில்லை. வெறுங்காலோடு ஆடக் கூடாது என்று சொல்லிவிட்டதால்தான் போகவில்லை என்று இன்றைக்கும் பலர் சொல்வார்கள். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அது முக்கிய காரணமல்ல. நீண்ட கப்பல் பிரயாணம், ஒலிம்பிக்தான் பெரிது என்ற எண்ணம், நிர்வாகிகளின் அசிரத்தை எல்லாம் சேர்ந்துதான் அந்த வாய்ப்பைக் கெடுத்தன. தோல்வியைவிடப் போகாமல் இருந்ததற்குத்தான் அழகான காரணம் தேவைப்படுகிறது போலும்.

உண்மையான அடி 1952-இல் ஹெல்ஸிங்கியில் விழுந்தது. ஜூலை 15 அன்று யூகோஸ்லாவியா பத்து கோல் போட்டது. நாம் ஒன்று போட்டோம். குளிர் தேசத்து மைதானத்தில் வெறுங்கால் என்ன செய்யும்? அதன் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்று நம் கால்பந்துச் சம்மேளனம் விதி செய்தது. விதி செய்வது ஒரு நாள் வேலை. சிறு வயது முதல் கட்டைவிரலாலும் பாதத்தின் விளிம்பாலும் பந்தோடு பேசிப் பழகியவர்களுக்குத் திடீரென்று நடுவே தோல் சுவர் எழுப்பினால் பேச்சு எப்படிக் கேட்கும்? பழக வேண்டியிருந்தது. 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ரஹீம் பயிற்சியளித்த கோஷ்டி ஆஸ்திரேலியாவை நாலுக்கு இரண்டு என்று வென்று, நாலாவது இடத்துக்கு வந்தது. 1962-இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டின் தங்கப் பதக்கம். பத்து கோல் வாங்கிய அவமானத்துக்கும் நாலாவது இடத்துக்கும் நடுவே நாலு வருஷம். நானோ பத்து நாளில் மாறிவிடப் பார்த்தேன்!

ராமன் கோல் போட்ட அதே 1948-ஆம் வருஷத்தில், சென்னையில் அடையாறில் ஒரு காரியம் நடந்தது. மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அங்கே தோன்றியது. ஸர்தார் படேல் சாலை வழியாகப் போகிறவர்கள் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள். என்னைப்போலவே பலரும், அங்கே ஏதோ ரசாயனம் கலந்து தோல் பதனிடுகிறார்கள் என்று எண்ணிக் கடந்து போயிருப்பார்கள். தேசத்தின் கால் அளவை எடுத்தவர்களும் அவர்கள்தான் என்பதைப் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

நாம் கடைக்குப் போய் ஏழாம் நம்பர், எட்டாம் நம்பர் என்று கேட்கிறோமே, அது இங்கிலாந்துக்காரன் கணக்கு. ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம். வெள்ளைக்காரன் போய்விட்டான், அவன் கால் அளவு மட்டும் நம் காலில் தங்கிவிட்டது. 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, நாடு முழுவதும் 79 இடங்களில் 1,01,880 பேருடைய பாதங்களை முப்பரிமாணக் கருவியில் வைத்து அளந்தார்கள். இந்தியப் பாதம் அகலமானது என்று தெரிந்தது. அகலம் போதாமல் விரல் நெருக்குவதால், நாம் ஒரு நம்பர் பெரிதாக வாங்குகிறோம். நீளம் மிஞ்சுகிறது, குதிகால் கழலுகிறது, கழலாமல் இருக்கக் கயிற்றை இறுக்குகிறோம். செருப்புக்காகக் காலைச் செதுக்குவதென்று வேடிக்கையாகச் சொல்வார்கள். தினமும் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம்! இப்போது 'பா' என்ற பெயரில் நமக்கென்று ஓர் அளவு முறையை அவர்கள் முன்மொழிந்திருக்கிறார்கள். 'பாரதம்' என்பதன் முதலெழுத்து அது.

காலணி குழந்தைகளின் பாதத்தை என்ன செய்கிறது என்பதையும் நம்மவர்களே பார்த்திருக்கிறார்கள். கர்நாடகத்தில் மணிப்பால் வைத்தியக் கல்லூரியைச் சேர்ந்த இருவர், 2,300 குழந்தைகளின் பாதச் சுவடுகளை எடுத்து 1992-இல் முடிவை வெளியிட்டார்கள். காலணி அணிந்து வளர்ந்த குழந்தைகளில் 100-க்கு 8.6 பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 பேருக்குத்தான். விரல்களை மூடும் ஷூ அணிந்தவர்களுக்கு அதிகம். செருப்பு அணிந்தவர்களுக்கு அதைவிடக் குறைவு. பாதத்தின் வளைவு என்பது ஓய்வாக வைத்து வளர்க்கிற பொருளல்ல. உழைத்து உழைத்துத்தான் அது வில்லாகிறது.

அப்படியானால் நண்பரின் வெறுங்கால் வாதம் சரிதானே என்று கேட்கலாம். பாதி சரி. 2010-இல் ஹார்வர்டைச் சேர்ந்த லீபர்மன் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். வெறுங்காலோடு ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள். மெத்தை வைத்த ஷூ அணிந்தவர்கள் குதிகாலில் இறங்குகிறார்கள். முன்பாதத்தில் இறங்கும்போது தரையின் திடீர் மோதல் குறைகிறது என்று கண்டார்கள். உலகமெங்கும் மெல்லிய ஷூ மோகம் பிடித்துக்கொண்டது. 2013-இல் வேறு சிலர், ஓடிப் பழகியவர்களையே விரல் விரலான ஷூவுக்குப் பத்து வாரத்தில் மாற்றிப் பார்த்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் கால் எலும்பில் வீக்கம் கண்டது. 2014-இல் அந்த ஷூவைச் செய்த கம்பெனி, ருசுவில்லாத நன்மைகளைச் சொல்லி விற்றதாகத் தொடுத்த வழக்கில் 37 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. முன்பாதத்தில் இறங்கினால் குதிகால் தப்புகிறது. அந்தச் சுமையைக் கெண்டைக்கால் தசையும் புறங்கால் எலும்பும் வாங்கிக்கொள்கின்றன. வாங்கிக்கொள்ள அவற்றுக்குப் பலம் வேண்டும். பலத்துக்கு நாள் வேண்டும்.

ஓட்டக்காரர்கள் வெறுங்காலுக்குக் கொடியேற்றும்போதெல்லாம் அபேபே பிகிலாவின் பெயரைச் சொல்வார்கள். எதியோப்பியாவின் அந்தப் படைவீரர் 1960-இல் ரோம் நகரத்து மாரத்தானை வெறுங்காலோடு ஓடி, 2 மணி 15 நிமிஷம் 16 விநாடியில் தங்கம் வாங்கினார். ஆனால் அவர் கொள்கைக்காக ஷூவைக் கழற்றவில்லை. கிடைத்த ஷூ காலுக்குச் சரியாக இல்லை. வெறுங்காலோடு ஓடியும் அவருக்குப் பழக்கம் இருந்தது. 1964-இல் டோக்கியோவுக்கு வந்தபோது, குடல்வால் அறுவை நடந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. ஷூவும் காலுறையும் அணிந்து ஓடி, முன்னிலும் 3 நிமிஷம் குறைவாக எடுத்துக்கொண்டு மறுபடியும் தங்கம் வாங்கினார். நான் ஆறு வாரமும் ஈஸிசேரில் இருந்தபடியே இதைப் படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வேறு தேசத்துக்குப் போய் ஆராய வேண்டியதே இல்லை. பக்கத்திலேயே திருவான்மியூரில் கலாக்ஷேத்திரம் இருக்கிறது. பரதநாட்டியத்தில் குதித்துமெட்டடவு என்று ஓர் அடவு உண்டு. முதலில் முன்பாதம் இறங்கும். பிறகு குதிகால் தரையைத் தொடும். லீபர்மன் படம் பிடித்துக் காட்டியதை, நம் நட்டுவனார்கள் தட்டுக்கழியால் தாளம் தட்டியே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்! ஆனால் அரங்கேற்றத்துக்கு முன் எத்தனை வருஷம்? பத்து நாளில் அரங்கேற்றம் செய்துவைக்கிறேன் என்று எந்த நட்டுவனாராவது சொன்னதுண்டா?

இன்னொன்றும் படித்தேன். அதைப் படித்த பிறகு வலியின்மேல் எனக்கிருந்த கோபம் போய்விட்டது. நம் கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் 1946 முதல் சேவை செய்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்று அப்போது உலகம் நம்பிக்கொண்டிருந்தது. அவர் கவனித்துப் பார்த்து வேறொன்றைக் கண்டார். நோய் நரம்பைக் கொன்று வலியைப் பறித்துவிடுகிறது. வலி தெரியாததால் கால் ஒரே இடத்தில் அழுந்தி அழுந்திப் புண்ணாகிறது. நல்ல காலுள்ளவன் வெகு தூரம் நடந்தால், தன்னையறியாமலே அடியெடுத்து வைக்கும் விதத்தை மாற்றிக்கொள்வான். வலி அவனை மாற்ற வைக்கும். வலி அறியாதவன் மாற்றமாட்டான். அந்தப் பாதங்களுக்கு மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பு உயிர்காப்பாயிற்று. அந்த மனிதர்களிடம் போய் வெறுங்காலின் மகிமையைச் சொன்னால் அதைவிடக் கொடுமை உண்டா?

இந்த இடத்தில்தான் எனக்கு வேறொரு நினைவு வந்து உறுத்தியது. காலணி நமக்குப் புதிதல்ல. தொடுதோல் என்று சங்கச் செய்யுட்களிலேயே பேசப்படுகிறது. ராமாயணத்தில் காட்டுக்குப் போனவன் வெறுங்காலோடு போனான். அவனுடைய பாதுகை பதினாலு வருஷம் சிம்மாசனத்தில் இருந்தது. அரியணை ஏறுகிற தகுதியைச் செருப்புக்குக் கொடுத்த அதே நாட்டில், சில மனிதர்களின் காலுக்கு அந்தச் செருப்பை அணிகிற தகுதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஊர்த் தெருவுக்குள் வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். வெயிலில் கால் கொப்பளித்தாலும் சரி.

இது பழங்கதை என்று தட்டிவிட முடியாது. 2023 டிசம்பரில், திருப்பூர் மாவட்டத்தில் மடத்துக்குளம் பக்கம் ராஜாவூர் என்ற கிராமத்தில், தலித் மக்கள் 60 பேர் ஒன்றாகச் சேர்ந்து, அதுவரை செருப்போடு போக முடியாதிருந்த ஒரு தெருவில் முதல் முறையாகச் செருப்பணிந்து நடந்தார்கள். பத்திரிகையில் சின்னச் செய்தியாக வந்தது. ஓடவில்லை, பந்தயம் இல்லை, பதக்கம் இல்லை. ஒரு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்தார்கள். ரோம் நகரத்தில் பிகிலா ஓடிய இருபத்தாறு மைலைவிட அந்தத் தெரு நீளமானது என்று எனக்குத் தோன்றியது.

பங்குனியில் மயிலாப்பூரில் அறுபத்துமூவர் உற்சவம் பார்த்தவர்களுக்குத் தெரியும். மாட வீதிகளில் தார் உருகுகிற வெயிலில் ஆயிரக்கணக்கானவர்கள் வெறுங்காலோடு நிற்பார்கள். அந்தக் கால்களும் சுடத்தான் சுடுகின்றன. ஆனால் அவர்களாகக் கழற்றி வைத்துவிட்டு வந்தவர்கள். கழற்ற உரிமையுள்ளவனுக்கு வெறுங்கால் பக்தியாகலாம், பயிற்சியாகலாம், பொழுதுபோக்கும் ஆகலாம். அணிய உரிமை மறுக்கப்பட்டவனுக்கு அது தண்டனை. ஹெல்ஸிங்கிக்குப் பிறகு பூட்ஸைப் பழகிக்கொண்டவர்களும் சரி, ராஜாவூர்த் தெருவில் செருப்போடு நடந்தவர்களும் சரி, தங்கள் காலைத் தாங்களே நடத்திக்கொண்டவர்கள். நான் கடைக்காரரிடம் கொடுத்தது மெல்லிய ரப்பருக்கு விலை. வெறுங்காலுக்கு உண்மையான விலை கொடுத்தவர்கள் வேறு எங்கோ இருக்கிறார்கள்.

ஆறு வாரம் கழிந்தது. வைத்தியர் சொன்னபடி, பழைய ஷூவோடு சாலையில் நடந்துவிட்டு, கடைசியில் ஐந்து நிமிஷம் மட்டும் ஈர மணலில் வெறுங்காலோடு நடக்கத் தொடங்கினேன். வாரத்துக்கு இரண்டு நிமிஷம் கூட்டலாம் என்று அனுமதி. புது ஷூ இப்போதைக்கு அலமாரியில் இருக்கிறது, அவசரமில்லை.

முதல் நாள் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் தயங்கித் தயங்கி அடியெடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். ஊரூர்க் குப்பத்துப் பக்கமிருந்து மீன் கூடையோடு ஒரு அம்மாள் வந்தாள். அவளும் வெறுங்கால்தான், மணலே தன் வீட்டு முற்றம் என்பதுபோல வந்தாள். என் கையிலிருந்ததைப் பார்த்தாள்.

"இன்னா ஸார், ஷூ அறுந்து போச்சா?"

"இல்லையம்மா, சும்மா நடந்து பழகுகிறேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நடந்து பழகுகிற வயதாக என் வயது அவளுக்குத் தோன்றவில்லை போலும்.

"பாத்து நட ஸார். அந்தாண்ட கண்ணாடிச் சில்லு கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். மணல் முடிந்து தார் ரோடு தொடங்குகிற இடத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. கூடையை இறக்காமலே அதில் காலை நுழைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.